வெறும் எடை

கரும்பு லாரி இரண்டு முறை மேடை ஏறும்.
வரும்போது சுமையோடு.
போகும்போது காலியாக.
முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால்
ஆலை காசு கொடுக்க வேண்டிய எண்.
இருபத்திரண்டு வருஷம்
நான் செய்தது இந்த ஒரு கழித்தல்தான்.

டொங்காட் ஆலை, வடக்கு வாசல்,
ஒரு கை மட்டும் நுழையும் ஜன்னல்.
ஓட்டுநர்கள் என்னை மா-கிலோ என்றார்கள்.
சீட்டு நீட்டும் விரல்கள், அதட்டும் குரல்.
அதற்கு மேல் என்னை யாரும் பார்த்ததில்லை.

போன ஜூலையில் கம்பத்தில் ஒரு கேமரா வைத்தார்கள்.
நம்பர் பிளேட்டைப் படிக்கும், கழிக்கும்,
நடுவில் டீ கேட்காது.
எனக்கு ஒரு கேக், ஒரு சுவர்க்கடிகாரம்.
இனி எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டாதவளுக்குக்
கடிகாரம் கொடுக்கலாம் என்று
யாருக்குத்தான் தோன்றியதோ.

கடைசி ஷிப்டில், கேட் பூட்டிய பிறகு,
மேடையில் ஏறி நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாய் எரிந்தது: 60.
என் எடை ஐம்பத்துநான்கு.
லாரித் தராசு இருபது இருபதாகத்தான் எண்ணும்,
எனக்கா தெரியாது?
ஆனாலும் அந்த ஆறு கிலோ உறுத்தியது.
சாவிக்கொத்து, நீலச் சட்டை, ஊழியர் எண்,
மாதக் கடைசியில் கடைக்காரர்
கடன் நோட்டைத் திறந்தபடியே சொல்லும் வணக்கம்
எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு வருமோ?

கிளினிக்கில் ஒரு படிவம்.
'தொழில்' என்ற கட்டத்துக்கு மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வரிசையில் பின்னால் இருந்தவர் இருமினார்.
'இல்லை' என்று எழுதினேன்.
கோணலாய் விழுந்த எழுத்து கோட்டைத் தாண்டி
'பெயர்' கட்டத்திலும் கொஞ்சம் ஏறிவிட்டது.

வெருலம் கல்யாண மண்டபத்தில் நாத்தனார்
"ஆலையில இருந்தாங்க" என்று என்னைக் காட்டினாள்,
'இருந்தாங்க'வில் குரலை இறக்கி.
பிரியாணித் தட்டோடு நின்ற அம்மாள்
என்னிடமே எனக்குத் துக்கம் விசாரித்தார்.

கரும்புக்குத் தீ வைக்கும் மாதம் வந்தது.
கருகிய சோகை காற்றில் வந்து கொடித்துணியில் விழும்.
முன்பு அது சம்பளம்.
இந்த வருஷம் வெறும் கரி.
இரண்டு தரம் துவைத்தேன்.

ஏனென்று சொல்லத் தெரியவில்லை,
ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில்
டாக்ஸி பிடித்துக் கடற்கரைக்குப் போனேன்,
பாறைகளுக்கு நடுவே சுவர் வைத்துக் கட்டிய குளத்துக்கு.
ஐம்பத்தொரு வயது. மகனின் பழைய ஃபுட்பால் பேன்ட்.
மிதப்பது சுலபம் என்று கேள்வி.
பொய்.
சுவரைத் தாண்டி வந்த அலை மூக்கில் ஏற,
பாதித் தமிழிலும் பாதி ஜூலுவிலும்
அதன் பரம்பரையை இழுத்துத் திட்டினேன்.

"மா-கிலோ!"

சுவர்மேல் தூண்டிலோடு ஒருவன்.
முகம் தெரியவில்லை.
மணிக்கட்டில் இருந்த தழும்பு தெரிந்தது.
நானும் கையைத்தானே பார்த்திருக்கிறேன்.
"பதினாறாயிரத்து நானூற்று இருபது!" என்று கத்தினேன்.
அவன் வண்டி காலியாய்ப் போகும் எடை.
"அது லாரி" என்று சிரித்தான்.
"நான் பெக்கிசிஸ்வே."
சொல்லிப் பார்த்தேன். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.
"பூங்காவனம்" என்றேன், மார்பில் கை வைத்து.
சத்தமாய் அதைச் சொல்லி எத்தனை நாள்.
அவன் பூங்காவரை வந்து நின்றான்,
மூச்சு வாங்கிக்கொண்டு
வனத்துக்குள் நுழைந்தான்.

"இப்போது என்ன செய்கிறாய்?"

கேட்டுவிட்டான்.
எல்லோரும் கேட்பதைத்தான்.
"கால் உதைக்கிறேன்" என்றேன்.
பிறகு சுவரிலிருந்து கையை எடுத்து
உதைத்தேன்.